ஸர் ஜார்ஜ் காப்ரியேல் ஸ்டோக்ஸ்

புதுவெள்ளத்துக் கலங்கல் நீரைக் குடத்தில் மொண்டுவைத்து, அது தெளியுமளவும் காத்திருத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. மணல் உடனே அடியிற் படிகின்றது; வண்டல் சற்றுத் தாமதிக்கின்றது; நுண்ணிய களிமண்ணோ நாட்கணக்காய் நீரிலேயே நின்றுவிடுகின்றது. இவ்வேறுபாட்டிற்குக் கணக்குக் கண்டவர் ஸ்டோக்ஸ் என்னும் பேரறிஞர். ஆயினும், அவர் நீரைத் தெளிவிக்கப் புறப்பட்டவரல்லர்.

இவர் 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள், அயர்லாந்து தேசத்து ஸ்லைகோ பிரதேசத்தைச் சார்ந்த ஸ்க்ரீன் என்னும் சிற்றூரில், ஒரு திருச்சபைக் குருவின் கடைசிப் புதல்வராய்ப் பிறந்தார். 1841-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக் கணிதப் பரீட்சையில் முதல்வராய்த் தேறிப் பெம்புரோக் கல்லூரியில் 'பெல்லோ' பதவி பெற்றார். முன்னர் நியூட்டன் வகித்த லூக்காஸியன் ஆசிரியர் பதவி 1849-ல் இவரை அடைந்தது. அதனைச் சாகுமளவும் 53 ஆண்டுகள் வகித்தார்.

அக்காலத்தார் புவியீர்ப்பின் வலிமையை ஊசலாட்டத்தைக் கொண்டு அளந்தனர். ஊசலைச் சூழ்ந்த காற்று அதன் ஆட்டத்தைத் தடுத்தலால் கணக்குப் பிழைத்தது. அப்பிழையைத் திருத்தப் புகுந்த ஸ்டோக்ஸ், பாய்பொருள்களின் உள்ளுராய்வை ஆராய்ந்து, 1850-ல் ஒரு நீண்ட கட்டுரை அளித்தார். மெல்லச் செல்லும் சிறு கோளத்திற்கு நேரும் தடை, அதன் ஆரத்திற்கும் வேகத்திற்கும் பாய்பொருளின் பிசுபிசுப்பிற்கும் தக்கவாறு மிகும் என்பது அதன்கண் கண்ட முடிபு. மேகத்துளிகள் விழாதனபோல் வானில் நிற்பதன் காரணத்தையும் அவர் இதனாலேயே விளக்கினார்.

இனி, விழுகின்ற துகளைக் கருதுவோம். அதன் எடை ஆரத்தின் கனத்தைப் பொறுத்தது. தடையோ ஆரத்தை மட்டும் பொறுத்தது. இரண்டும் சமனாகுமிடத்து வேகம் நிலைபெறும். ஆகவே அவ்வேகம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகின்றது. குறுக்களவு பத்தில் ஒரு பங்காயின், வேகம் நூறில் ஒரு பங்காகும். ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரில் 0.01 மில்லிமீட்டர் மணற்றுகள் அடிசேர ஏறக்குறைய 3 மணி நேரமாம்; 0.001 மில்லிமீட்டர் துகளுக்கோ 13 நாட்கள் வேண்டும்! நகரங்களுக்கு நீர் வழங்கும் பொறிவல்லுநர் படிகாரமிட்டு நுண்டுகள்களை ஒன்றுதிரட்டிப் பெரிதாக்குவதன் மருமம் இதுவே. தேற்றாங்கொட்டை இழைத்த நம் முன்னோர் இக்கணக்கறியாமலே அதன் பயனை எய்தினர். ஈர்ப்பு போதாதவிடத்துச் சுழற்சியால் அதனை மிகுவிப்பது பாலினின்று ஆடையைப் பிரிக்கும் யந்திரம். எனினும், இவ்விதி தனித்து மெல்ல விழும் நுண்டுகளுக்கே பொருந்தும். சுழிப்புண்டாக்கும் பருமணலுக்கும் நெருங்கித் திரண்ட சேற்றிற்கும் பொருந்தாது.

1857-ல் ஆர்மா வானாராய்ச்சி நிலையத்து ராபின்ஸனின் புதல்வி மேரியை மணந்தார். மணம்புரிந்தோர் 'பெல்லோ'வாயிருத்தல் கூடாதென்பது அந்நாள் விதி. ஆதலின் அப்பதவியை இழந்தார். விதி மாறியபின், 1869-ல் அது மீண்டும் கிட்டியது. ராயல் சொஸைட்டியின் காரியதரிசியாய் 1854 முதல் 31 ஆண்டுகள் பிறர் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவதிலேயே அவர் பொழுது பெரிதும் கழிந்தது. அவர்தம் சொந்த ஆராய்ச்சி இதனாற் குன்றியதென்றே யாம் எண்ணுகின்றோம். சூரிய ஒளியிற் காணும் கருங்கோடுகளின் காரணத்தை நண்பர் தாம்ஸனிடம் வாய்மொழியாய் உரைத்திருந்தும் அச்சிடாது விட்டார். 1859-ல் கிர்க்காப் அதனைத் தாமே கண்டு வெளியிட்டபோது, அப்புகழில் தமக்குப் பங்கில்லையென்று ஸ்டோக்ஸ் விலகிக்கொண்டார்.

1903-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், பெம்புரோக் கல்லூரித் தலைவராயிருக்கையில், கேம்பிரிட்ஜில் காலமானார். ஆறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் மில்லிகன் என்பார், எண்ணெய்த் துளிகள் காற்றில் விழும் வேகத்தை இவ்விதிகொண்டு கணித்து, எலெக்ட்ரானின் மின்னளவை நிறுவத் தொடங்கினார். மிக நுண்ணிய துளிகளிடத்து விதி சிறிது பிழைப்பதை அவர் கண்டு, அதற்கொரு திருத்தமும் சேர்த்தனர்.