கதிர்வீச்சை அளக்கக் கற்பித்தவர்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாம் எல்லோரும் அறிந்த முதுமொழி. ஆனால் அந்த அளவு எது என்பதை யாராவது அளந்து சொல்லவேண்டும். மருத்துவக் கதிர்வீச்சைப் பொறுத்தவரை அதனைத் தமது வாழ்நாட் பணியாக ஏற்றவர் சுவீடன் நாட்டுப் பௌதிகவியலாளர் றொல்ஃப் சீவேர்ட் ஆவார்.

எக்ஸ்கதிர் கண்டுபிடிக்கப்பட்டதற்கு மறு ஆண்டான 1896 இல் அவர் ஸ்டொக்ஹோம் நகரிற் பிறந்தார். மின்வடத் தொழிற்சாலையை நிறுவிய தந்தையின் மகனாயினும், அவரது நாட்டம் புற்றுநோய் சிகிச்சையின் பக்கமே சென்றது. அக்காலத்தில் நோயாளியின் தோல் சிவப்பதைப் பார்த்தே பல இடங்களிலும் கதிர்வீச்சின் அளவு மதிப்பிடப்பட்டது. ஒரு வைத்தியசாலை வழங்கிய அளவை மற்றொன்றுடன் ஒப்பிடவும் வழியிருக்கவில்லை. 1920களில் ஸ்டொக்ஹோமின் றேடியம்ஹெம்மெட் வைத்தியசாலையில் பௌதிக ஆய்வுகூடத்தை அமைத்த சீவேர்ட், அளவீட்டுக் கருவிகளை உருவாக்கினார். அவற்றை ஏனைய வைத்தியசாலைகளுக்கும் கொண்டுசென்று, அங்கு வழங்கப்படும் அளவுகளைச் சீர்ப்படுத்தினார்.

1928 இல் ஸ்டொக்ஹோமில் நடைபெற்ற கதிரியக்க மருத்துவ மாநாட்டில் சர்வதேசப் பாதுகாப்புக் குழுவொன்று உருவானது. அதன் தொடக்க கால உறுப்பினரான சீவேர்ட், 1956 முதல் 1962 வரை அதன் தலைவராகவும் விளங்கினார். 1941 இல் சுவீடன் இயற்றிய கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அவரது பங்கு பெரிது. 1966 இல் அவர் காலமானார். 1979 இல் கதிர்வீச்சுத் தாக்கத்தின் அலகுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

முதல் நோயாளிக்குச் சி.ரி. ஸ்கான் எடுக்கப்பட்டது 1971 இல். சீவேர்ட் அதனைக் காணவில்லை. இயற்கையிலிருந்து ஒருவர் ஓராண்டிற் பெறும் கதிர்வீச்சு, உலக சராசரியாகச் சுமார் 2.4 மில்லிசீவேர்ட். வயிற்றுப் பகுதிக்கான ஒரு ஸ்கான் அதனைப் போன்று இரண்டு முதல் நான்கு மடங்கைத் தரக்கூடும். எனவேதான் அவர் தலைமை தாங்கிய அதே அமைப்பு, 1996 இல் நோயறிதலுக்கான ஒப்பீட்டு மட்டங்களைப் பரிந்துரைத்தது. பல வைத்தியசாலைகளின் அளவுகளைத் திரட்டி, முக்காற்பங்கு வைத்தியசாலைகள் எந்த அளவுக்குள் அடங்குகின்றனவோ அதனை ஒப்பீட்டுக் கோடாகக் கொள்வதே பொதுவான முறை. வழக்கமாக அக்கோட்டைத் தாண்டும் வைத்தியசாலை, தனது இயந்திரத்தையும் செய்முறையையும் மீளாய்வு செய்யவேண்டும். இது தனியொரு நோயாளிக்கான உச்சவரம்பு அன்று. தேவையான நோயாளிக்குத் தேவையான கதிர்வீச்சை மறுப்பதும் தவறே.

நம்மிடையே இரு சாரார் உள்ளனர். ஸ்கான் எடுத்தால்தான் நல்ல வைத்தியம் என வற்புறுத்துவோர் ஒருபுறம். கதிர்வீச்சு என்றதுமே அஞ்சி, அவசியமான பரிசோதனையையும் தவிர்ப்போர் மறுபுறம். இவ்விரண்டும் அளவறியாமையின் விளைவுகளே. இப்பரிசோதனை அவசியமா, முன்னர் எடுத்த ஸ்கான் போதாதா, பிள்ளையாயின் அதன் உடலுக்கேற்ப அளவு குறைக்கப்படுகிறதா என்று வைத்தியரிடம் பணிவுடன் கேட்பது நோயாளியின் உரிமை. அளந்து, பதிந்து, பிறருடன் ஒப்பிட்டுப் பார்ப்பது வைத்தியசாலைகளின் கடமை. அந்தக் கடமை தட்டிக்கழிக்கப்படும் இடத்தில், சீவேர்ட் ஒழிக்க முனைந்த ஊகமே மீண்டும் ஆட்சி செய்யும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.