காரை நிறுத்திய விமானக்காரர்

சைக்கிள் பம்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்தால் காற்று ஏறாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் மறுபடி ஏறும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோல் காய்ந்தால் சுருங்கும், ஊறினால் உப்பும் என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட ஒரு தோல் கிண்ணத்தால் படாத பாடு பட்டவர் மால்கம் லாக்ஹீட்.

இவர் அமெரிக்கர். தாயார் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிள்ளைகளை வளர்த்தார். மால்கமும் தம்பி ஆலனும் சேர்ந்து ஒரு கடல் விமானம் கட்டினார்கள். 1913-ல் அது சான் பிரான்சிஸ்கோவில் பறந்தது. அவர்களுடைய குடும்பப் பெயரின் எழுத்தைப் பார்த்துப் பலர் லாக்ஹெட் என்று படித்தார்கள். ஏறக்குறைய மரமண்டை என்று அழைப்பது போல! பாவம், எழுத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

1919-ல் மால்கம் விமானத்தை விட்டுவிட்டு, டெட்ராய்ட் நகரில் பிரேக் கம்பெனி தொடங்கினார். அந்தக் காலத்துக் கார்களில் கம்பிதான் பிரேக்கை இழுக்கும். ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், வண்டி ஒரு பக்கமாக ஓடும். மால்கம் கம்பிக்குப் பதில் திரவத்தை வைத்தார். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள திரவம் நெருக்கப்படும். குழாய் வழியே எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தம் போகும். 1921-ல் டூசன்பர்க் காரில் இது வந்தது.

ஆனால் உள்ளே இருந்தது பதனிடாத தோல் கிண்ணம். அது ஒழுகியது! திரவம் ஒழுகினால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. க்ரைஸ்லர் கம்பெனி என்ஜினீயர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பர் கிண்ணம் வைத்தார்கள். 1924-ல் க்ரைஸ்லர் கார் அந்தப் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. பிடிவாதக்காரரான ஹென்றி போர்டு 1939 மாடலில்தான் இறங்கி வந்தார்.

பழைய காரைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் இன்றும் தடுமாறுவது மாஸ்டர் சிலிண்டரில்தான். பெரிதாகப் போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. துளை பெரிதானால் மிதி கனக்கும். சிறிதானால் லேசாக மிதிக்கலாம், ஆனால் மிதி அதிக தூரம் இறங்கும். சக்கரங்களில் உள்ள சிலிண்டர்களின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு அறை உள்ளதே உத்தமம். ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். வேலூர்ப் பக்கத்துச் சோளிங்கரிலேயே பிரேக்ஸ் இந்தியா கம்பெனியின் இரும்பு வார்ப்பாலை இருக்கிறது.

மால்கம் 1932-ல் தம் கம்பெனியைப் பெண்டிக்ஸ் கம்பெனிக்கு விற்றார். 1958-ல் காலமானார்.