கான்சாகிபின் முடிவு

ராமநாதபுரம் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் இங்கு வந்து கடை நடத்தும் அன்பர்களுக்குக் கான்சாகிபு என்ற பெயர் புதிதன்று. மதுரையிலுள்ள கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரால் வழங்குவதே. ஆயினும் அவர் எவ்விதம் கொல்லப்பட்டார், ஏன் அவ்விதம் கொல்லப்பட்டார் என்பதை அறிந்தவர் குறைவு. ஆகவே இதனை எழுதுகிறோம்.

பனையூரில் வேளாளர் குடும்பத்தில் மருதநாயகமாகப் பிறந்தவர் அவர். வாலிபத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி, இஸ்லாத்தைத் தழுவி முகம்மது யூசுப்கான் ஆனார். பிறகு கும்பினியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளிச் சண்டைகளில் தானிய வண்டிகளை எதிரி கையில் சிக்காமல் கொண்டு சேர்த்து வெள்ளைத் தளபதி லாரன்சின் நம்பிக்கையைப் பெற்றார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை வளைத்தபோது, வெளியே நின்று அவனை ஓயாமல் அலைக்கழித்தவரும் இவரே. கும்பினி தங்கப் பதக்கம் அளித்தது.

1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய்க் குத்தகைக்கு எடுத்தார். ஏரி குளங்கள் செப்பனிடப்பட்டன, வழிப்பறி அடங்கியது, நெசவாளரும் வியாபாரிகளும் அச்சமின்றித் தொழில் செய்தனர். பாளையக்காரர்களிடம் அவர் கை கடுமையானது என்பதையும் மறைப்பதற்கில்லை. பூலித்தேவரின் நெற்கட்டான்செவலை 1761இல் வீழ்த்தியவர் அவரே.

அவ்வாண்டிலேயே, மேலும் நான்காண்டுக்கு ஆண்டொன்றுக்கு ஏழு லட்சம் தருவதாகக் கேட்டார். கூடுதல் தொகையை வேண்டாமென்று சொல்லும் முதலாளியை நம்மில் யார் கண்டிருக்கிறோம்? கும்பினி சொல்லிற்று. ஆர்க்காட்டு நவாபு முகம்மதலிக்கு இவர் வளர்ச்சி பொறுக்கவில்லை. அந்த நவாபுக்கே அடங்கியிருக்கும்படி கும்பினி வற்புறுத்தியது. கான்சாகிபு மறுத்துப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1763இல் மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது, பயனில்லை. 1764 ஜூனில் மேஜர் காம்பெல் நடத்திய பெருந்தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பிறகு உணவு வரும் வழிகளை அடைத்தார்கள். உள்ளே பசி மிகுந்தது. கோட்டையிலிருந்த பிரெஞ்சு அதிகாரி மர்ஷானும், கான்சாகிபின் சொந்தத் திவான் சீனிவாசராவும் கூடிச் சதி செய்து, அக்டோபர் 13 அன்று அவர் தொழுகையில் இருந்த வேளையில் பிடித்துக் கட்டினார்கள்.

விசாரணை எதுவும் இல்லை. 15ஆம் தேதி மாலை, மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தருகில் இருந்த பாளையத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அக்காலத்தில் கொல்லும் முறையிலும் அந்தஸ்து பார்க்கப்பட்டது. இங்கிலாந்தில் ராஜத்துரோகம் செய்த பிரபுவுக்குக் கோடாலியால் தலை வெட்டு. அதே குற்றம் செய்த சாமானியனைத் தூக்கிலிட்டு உடலைத் துண்டு போட்டார்கள். அதே 1764இல் வடக்கே, கலகம் செய்த சிப்பாய்களை மேஜர் மன்றோ பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். அவர்களில் கிரனேடியர் வகுப்பினர், போரில் தங்களுக்குரிய வலப்பக்க இடத்தைச் சாவிலும் தரவேண்டுமென்று கேட்டுப் பெற்றார்களாம். கான்சாகிபுக்கோ போர்வீரனுக்குரிய துப்பாக்கிக் குண்டுகூடக் கொடுக்கப்படவில்லை. திருடனுக்குரிய கயிற்றையே கொடுத்தார்கள். படைத்தலைவர் என்ற பெயரைப் பறித்து, கலகக்காரன் என்ற பெயரோடு அனுப்ப வேண்டுமென்பதே நவாபின் எண்ணம் என்று நாம் கருதுகிறோம். பதக்கம் கொடுத்த கும்பினி அதற்கு இசைந்து நின்றது.

இரண்டு முறை கயிறு அவரைக் கொல்லவில்லை, மூன்றாம் முறையே உயிர் பிரிந்தது என்று ஜனங்கள் சொல்லி வருகிறார்கள். எதிரிகளுக்கு அதன்பின்னும் பயம் தெளியவில்லை போலும். தலை திருச்சிக்கும், கைகள் பாளையங்கோட்டைக்கும், கால்கள் தஞ்சாவூருக்கும் பெரியகுளத்துக்கும் அனுப்பப்பட்டன என்பது செவிவழிச் செய்தி. எஞ்சிய உடல் சம்மட்டிபுரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1808இல் ஷேக் இமாம் என்பவர் அக்கபுறின் மேல் சிறு பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினார். ஊருக்குப் போகும் அன்பர்கள் மதுரையில் இறங்கினால் அங்கு சென்று பார்க்கலாம்.