ரிப்போர்ட்டில் ஹெச்எஸ்-சிஆர்பி... சுகருக்கும் அழற்சிக்கும் என்ன சம்பந்தம்? யார் இந்த ராயபுரம் டாக்டர் எம்.விஸ்வநாதன்?

வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தால், சுகர் அளவோடு ஹெச்எஸ்-சிஆர்பி என்றும் ஒரு வரி வரலாம். உடம்பில் அழற்சி இருக்கா என்று காட்டும் புரதம் அது. சுகர் டெஸ்ட்டோடு இது ஏன்? இதைப் புரிஞ்சுக்க 1948-க்குப் போகணும்.

அந்த வருஷம்தான் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கென தனி கிளினிக் தொடங்கினார் டாக்டர் எம்.விஸ்வநாதன். இன்று இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று அழைக்கப்படுபவர். அப்போது சுகருக்குத் தனி டாக்டர் என்பதே புதுசு. சிறுநீரை பெனடிக்ட் கரைசலில் கொதிக்க வைப்பார்கள். நீலம் செங்கல் நிறமானால் சுகர் அதிகம். அழற்சியை யாரும் தேடவில்லை. சிஆர்பி 1930-லேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும், நிமோனியா போன்ற தொற்றோடுதான் அதைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

1954-ல் ராயபுரத்தில் சொந்த மருத்துவமனை தொடங்கினார். சுகர் வந்தாலே சோறு கூடாது என்று மிரட்டாமல், நார்ச்சத்து நிறைந்த மாவுச்சத்து உணவையே கொடுத்து ஆராய்ந்தார். நம்ம ஊர் சாப்பாட்டுக்குப் பொருந்திய வழி அது.

அவருடைய இன்னொரு வேலைதான் முக்கியம். நோயாளியோடு நிறுத்தாமல் குடும்பத்தையும் பார்த்தார். அப்பா, அம்மா இருவருக்கும் சுகர் இருந்தால் பிள்ளைகளுக்கு எந்த அளவு வருகிறது என்று அவர் குழு 1985-ல் ஆய்வு வெளியிட்டது. வாய்ப்பு ரொம்பவே அதிகம் என்று தெரிந்தது. அந்தக் குழுவில் அவர் மகன் டாக்டர் வி.மோகனும் இருந்தார்.

விஸ்வநாதன் 1996-ல் காலமானார். அழற்சிக்கான பதில் அடுத்த தலைமுறையில் வந்தது. சென்னையில் 26,001 பேரைக் கணக்கெடுத்த மோகன் குழுவின் க்யூர்ஸ் ஆய்வில், 2005-ல் வெளியான ஒரு பகுதி சிஆர்பி பற்றியது. டைப் 2 சுகர், உடல் கொழுப்பு, இதய நோய் மூன்றோடும் சிஆர்பிக்குத் தொடர்பு இருப்பது அதில் தெரிந்தது. காரணம் தொப்பைதான். வயிற்றுக் கொழுப்பு விடும் இன்டர்லூகின்-6 என்ற சிக்னல், சிஆர்பியைச் சுரக்கச் சொல்லி கல்லீரலைத் தூண்டும். அதே அழற்சி இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது.

லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் இதய ஆபத்து அதிகம் என்று கணக்கு. ஆனா இதை வைத்து சுகர் இருக்கா, இல்லையா என்று சொல்ல முடியாது. அதற்கு ஹெச்பிஏ1சி பார்க்கணும். 10-ஐத் தாண்டினால் சளியோ பல் தொற்றோகூட காரணமாக இருக்கலாம். அது சரியானதும் ரெண்டு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுப்பதுதான் வழக்கம்.