பிழை பொறுக்கும் மட்டை!

டிரைவர் என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருவார்? பஸ் ஓட்டுபவர் தானே! கோல்ஃப் விளையாட்டிலும் ஒரு டிரைவர் உண்டு. ஆனால், அது ஆள் அல்ல, மட்டை!

எலுமிச்சம்பழ அளவே உள்ள வெள்ளைப் பந்து. பல நூறு மீட்டர் தள்ளி, புல்தரையில் நாலேகால் அங்குல அகலத்தில் ஒரு குழி. எத்தனை குறைவான அடிகளில் பந்தைக் குழியில் சேர்க்கிறோம் என்பது தான் கோல்ஃப். முதல் அடியில் பந்தை வெகு தூரம் அனுப்ப உதவும் நீண்ட மட்டைக்கு டிரைவர் என்று பெயர். நடுவழியில் உதவுபவை, அயர்ன் எனப்படும் இரும்பு மட்டைகள். குழிக்கு அருகே வந்ததும் மெல்லத் தட்டிவிடும் மட்டையை, பட்டர் என்பர்.

இந்த விளையாட்டு நம் நாட்டுக்குப் புதிதல்ல. கோல்கட்டாவில் 1829ம் ஆண்டிலேயே கோல்ஃப் சங்கம் துவங்கிவிட்டது. நம் ஊட்டியிலும், கொடைக்கானலிலும் கூட கோல்ஃப் மைதானங்கள் உள்ளன.

தெருவில் கிரிக்கெட் ஆடும் போது, பந்து மட்டையின் நடுவில் பட்டால் சுகமாகப் பறக்கும். ஓரத்தில் பட்டால் மட்டை கையில் திரும்பும். பந்து எங்கோ போகும். கோல்ஃபிலும் அதே தொல்லை தான். மட்டையின் முகம் சிறிது திரும்பினாலும், பந்து வெகு தூரம் விலகிப் போய்விடும். நெடுங்காலம் இதை ஆடுபவரின் குற்றம் என்றே எண்ணினர். மட்டையையும் கொஞ்சம் விசாரிப்போமே என்று கிளம்பினார் ஒருவர். அவர் தான், கார்ஸ்டன் சோல்ஹைம்!

செருப்புக் கடையில்...

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நார்வே நாட்டில், பெர்கன் என்ற துறைமுக ஊரில், செப்., 15, 1911ல் பிறந்தார் கார்ஸ்டன். நம் தூத்துக்குடியைப் போல, கடலையும், கப்பலையும் நம்பி வாழ்ந்த ஊர் அது. கார்ஸ்டனின் தந்தை, செருப்புத் தைக்கும் தொழிலாளி. பிழைப்பு தேடி, 1913ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய அந்தக் குடும்பம், சியாட்டில் நகரில் குடியேறியது.

பொறியாளராக வேண்டும் என்பது கார்ஸ்டனின் கனவு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து விட்டார். ஆனால், அப்போது அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் ஆட்டிப் படைத்தது. கட்டணம் கட்டக் கையில் காசு இல்லை. படிப்பைப் பாதியில் விட்டு, தந்தையின் தொழிலுக்கே திரும்பினார்.

பிய்ந்த காலணிகளைப் பழுது பார்த்தார். பாத்திரங்கள் விற்றார். எந்த வேலையையும் இழிவாக எண்ணவில்லை. 1936ல் லூயிஸ் என்ற பெண்ணை மணந்தார். பிள்ளைகள் பிறந்தனர், பொறுப்புகள் கூடின. ஆனாலும், பொறியியல் ஆசை மட்டும் அணையவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. விமானத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். பல்கலைக்கழகம் நடத்திய சிறப்பு வகுப்புகளில் பொறியியல் கற்று, விமான நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார் கார்ஸ்டன். பின், ஏவுகணைத் திட்டத்தில் பணியாற்றினார். 1953ல், ஜெனரல் எலக்ட்ரிக் என்ற பெரிய நிறுவனத்தில் பொறியாளர் ஆனார். கல்லூரியில் பாதியில் விட்ட கனவு, சுற்று வழியில் கைகூடியது!

நாற்பத்திரண்டில் பிடித்த மட்டை

உடன் வேலை பார்த்தவர்கள் அழைத்ததால், 1954ல் முதன்முறையாக கோல்ஃப் ஆடச் சென்றார். அப்போது அவர் வயது, 42. பெரும் வீரர்கள் ஐந்தாறு வயதில் துவங்கும் விளையாட்டு அது!

தூர அடிகள் ஓரளவு கைவந்தன. ஆனால், குழிக்குப் பக்கத்தில் வந்து பட்டரால் தட்டும் போது தான் சோதனை. பந்து, குழியைத் தொடாமல் விலகி ஓடியது. வேறு யாராக இருந்தாலும், இந்த வயதில் நமக்கு இது தேவையா என்று மட்டையை மூலையில் போட்டிருப்பர். கார்ஸ்டன் பொறியாளர் ஆயிற்றே! பந்து ஏன் விலகுகிறது என்று யோசித்தார்.

அன்றைய பட்டர்களில் எடை, நடுப்பகுதியில் குவிந்திருந்தது. பந்து ஓரத்தில் பட்டதும், மட்டையின் தலை வெடுக்கெனத் திரும்பியது. எடையை நடுவிலிருந்து எடுத்து, இரு முனைகளுக்கும் பிரித்துக் கொடுத்தால் என்ன?

இதன் உண்மையை நீங்களே சோதிக்கலாம். எலுமிச்சை அளவில் இரண்டு களிமண் உருண்டைகள் செய்யுங்கள். ஒரு மர ஸ்கேலின் நடுவில், விரல்களால் பிடிக்க மட்டும் இடம் விட்டு, இரு பக்கமும் அவற்றை ஒட்டுங்கள். நடுவில் பிடித்து, பூட்டில் சாவி திருப்புவது போல, இடமும் வலமுமாக வேகமாகத் திருப்புங்கள். சுலபமாகத் திரும்பும். இப்போது, அதே உருண்டைகளை ஸ்கேலின் இரு முனைகளுக்கும் மாற்றி, மறுபடி திருப்புங்கள். அடம் பிடிக்கும்! மொத்த எடை மாறவில்லை. எடை இருக்கும் இடம் தான் மாறியது. கம்பி மேல் நடப்பவர், நீளமான கழியைக் குறுக்காகப் பிடிப்பதும் இதே காரணத்தால் தான்.

ஐஸ் குச்சிகளையும், சர்க்கரைக் கட்டிகளையும் ஒட்டி, மாதிரி செய்து பார்த்தார் கார்ஸ்டன். முனைகளில் கனமும், நடுவில் வெற்றிடமுமாக ஒரு பட்டரை, 1959ல், கலிபோர்னியாவில் தம் வீட்டுக் கார் கொட்டகையில் உருவாக்கினார். பந்தைத் தட்டியதும், 'பிங்' என்று மணி போல் ஒலித்தது. அந்த ஓசையையே மட்டைக்குப் பெயராக வைத்து விட்டார்.

சிரித்தவர்களும் வாங்கினர்

விசித்திர வடிவம், விசித்திர ஓசை. பல வீரர்கள் அதைத் தொடவே தயங்கினர். கார்ஸ்டன் சோர்ந்து விடவில்லை. பகலில் அலுவலக வேலை. இரவில் மட்டை வேலை. 1961ல், பீனிக்ஸ் நகருக்கு மாற்றலாகிப் போன போதும், அங்குள்ள கார் கொட்டகையே தொழிற்சாலை ஆனது. பிள்ளைகள் உதவினர்; லூயிஸ் கணக்கு வழக்குகளைக் கவனித்தார். 1962ல், தொழில்முறைப் போட்டி ஒன்றில், பிங் பட்டருடன் ஆடியவர் முதன்முதலாக வென்றார்.

ஒருநாள், மனதில் தோன்றிய புதிய வடிவத்தை, கைக்குக் கிடைத்த இசைத்தட்டு உறையின் மேல் வரைந்து வைத்தார். அதிலிருந்து, 1966ல் பிறந்த பட்டருக்கு, விடை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பெயராகச் சொன்னார் லூயிஸ். சின்ன மட்டையில் பொறிக்க அந்தச் சொல் நீளமாக இருந்தது. ஓர் எழுத்தை விட்டு விடலாம் என்றும் அவரே வழி சொன்னார். அப்படித் தான், 'ஆன்சர்' பட்டர் ஓர் எழுத்துக் குறைந்த பெயருடன் உலகப் புகழ் பெற்றது!

விற்பனை பெருகியது. இப்போது, கார்ஸ்டன் முன் ஒரு கேள்வி. மாதம் தவறாமல் சம்பளம் தரும் பெரிய வேலையா... நாளை என்ன ஆகும் எனத் தெரியாத சொந்தத் தொழிலா? 1967ல், 55 வயதில், வேலையை விட்டார். பலர் ஓய்வு பற்றி யோசிக்கும் வயதில், அவர் தொழிற்சாலை துவங்கினார்.

இரும்பு மட்டைகளிலும், பின்புறத்தைக் குடைந்து, எடையை ஓரங்களுக்குக் கொண்டு சென்றார். இத்தகைய நுட்பமான வடிவத்தை எப்படி வார்ப்பது? அதற்கு உதவிய முறை, நம் சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலை வார்க்கும் முறையின் உறவு தான்! முதலில், மெழுகில் உருவம் செய்வர். அதைச் சுற்றிக் களிமண் பூசுவர். சூடாக்கினால், மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில், உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். சோழர் காலத்தில் சிலை தந்த வழி, அமெரிக்காவில் கோல்ஃப் மட்டை தந்தது!

வழக்கும் வந்தது. 1980களில் அவர் நிறுவனம் செய்த, 'ஐ டூ' என்ற இரும்பு மட்டைகளின் முகத்தில் இருந்த கோடுகள், விதிக்கு மாறாக நெருக்கமாக உள்ளன என்றது அமெரிக்க கோல்ஃப் சங்கம். கார்ஸ்டன் பணியவில்லை. நீண்ட சண்டைக்குப் பின், 1990ல் சமரசம் ஏற்பட்டது. ஏற்கனவே விற்ற மட்டைகளை வைத்து ஆடத் தடை இல்லை என முடிவானது. அதே ஆண்டு, அவர் குடும்பத்தின் ஆதரவில், ஐரோப்பிய, அமெரிக்க வீராங்கனைகள் மோதும், 'சோல்ஹைம் கோப்பை'ப் போட்டியும் துவங்கியது.

ஆளுக்கு ஏற்ற அளவு

அவர் செய்த இன்னொரு காரியம் முக்கியமானது. எல்லாருக்கும் ஒரே மாதிரி மட்டை என்பதை அவர் ஏற்கவில்லை. ஒருவரின் உயரத்தையும், மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள தூரத்தையும் அளந்து, மட்டையின் சாய்வைத் தீர்மானிக்கும் வண்ண அட்டவணையை, 1972ல் அவர் நிறுவனம் வெளியிட்டது. மட்டையில் உள்ள வண்ணப் புள்ளியே, அது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லிவிடும். காலை அளக்காமல் செருப்புத் தைக்க முடியுமா? அந்தப் பாடத்தைச் சின்ன வயதிலேயே படித்தவர் அல்லவா அவர்!

பிப்., 16, 2000ல், தம் 88ம் வயதில் மறைந்தார் கார்ஸ்டன். அவர் பிடித்த வழி, பட்டரோடு நிற்கவில்லை. ஒரு காலத்தில் கட்டையால் செய்யப்பட்ட டிரைவரின் தலை, 1979க்குப் பின் எஃகாக மாறத் துவங்கியது. பிறகு டைட்டானியம் வந்தது. உள்ளே வெற்றிடம், எடை முழுவதும் ஓரத்திலும் பின்புறத்திலும். இத்தகைய மட்டை தான், பிழை பொறுக்கும் மட்டை.

இதனால் யாருக்கு லாபம்? உலகப் போட்டிகளில் ஆடும் ஆண் வீரர்களின் மட்டை, மணிக்கு 180 கி.மீ., வேகத்தில் பந்தைத் தாக்கும். முதியவர்களும், புதிதாகக் கற்பவர்களும் அத்தனை வேகமாக வீச முடியாது. அவர்கள் எப்படி டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் தெரியுமா?

முதலாவது, பெரிய தலை. விதிப்படி, 460 கன செ.மீ., வரை இருக்கலாம். எடை ஓரங்களிலும், பின்பக்கமும் பரவி இருக்க வேண்டும்.

இரண்டாவது, முகத்தின் சாய்வு. செடிக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால் என்ன செய்வீர்கள்? நுனியைச் சற்று மேலே தூக்குவீர்கள். தண்ணீர் தள்ளிப் போய் விழும். அதே போல, மெதுவாக அடிப்பவரின் பந்து, கூடுதலாக மேலே எழும்ப வேண்டும். வேகமாக அடிப்பவருக்கு 9 டிகிரி சாய்வு போதும் என்றால், மெதுவாக அடிப்பவருக்கு 12 டிகிரி அளவுக்குத் தேவைப்படும்.

மூன்றாவது, லேசான, வளைந்து கொடுக்கும் தண்டு. வீரர் பயன்படுத்துகிறார் என்பதற்காக விறைப்பான தண்டை வாங்கினால், கை தான் வலிக்கும். தண்டு மிக நீளமாகவும் இருக்கக் கூடாது. நீளம் கூடினால், நடுவில் படுவது அரிதாகிவிடும்.

கடைசியாக, அடித்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஒரே ஒரு முறை வெகு தூரம் அனுப்பிய மட்டையை விட, பத்து முறை அடித்தாலும் பந்துகளை அருகருகே விழ வைக்கும் மட்டையே நல்லது.

ஒன்றை மறக்காதீர்கள். பிழை பொறுக்கும் மட்டை, தண்டனையைக் குறைக்குமே தவிர, நமக்காக அது ஆடாது. பயிற்சி நம்முடையது தான். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக்கின் பந்து, பிற வீராங்கனைகள் அடித்த அளவு தூரம் போகவில்லை. ஆனால், குழிக்கு அருகே அவர் காட்டிய துல்லியம், 60 பேரில் நான்காம் இடத்தைத் தந்தது. ஒரே ஓர் அடியில் தான், வெண்கல வாய்ப்பு நழுவியது!

குழந்தைகளே... எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில், தண்ணீர் வற்றிய நாட்களில் தாமிரபரணி ஆற்று மணலில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவதுண்டு. உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். அங்கே எல்லாரிலும் சின்னவன் கையில், அண்ணனின் கனத்த மட்டை இருக்கும். அவன் வீசுவதற்குள் பந்து போய்விடும். கேலி செய்து அவனை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். அவன் தூக்கக் கூடிய மட்டை ஒன்றைத் தேடிக் கொடுங்கள். பிறகு, பந்தைப் போடுங்கள். அவன் எப்படி அடிக்கிறான் என்று பாருங்கள்!