அளவை நெறி கண்ட திக்நாகர்

பட்டுத்தறிகளாலும் கோயில்களாலும் இன்று அறியப்படும் காஞ்சிபுரம், பௌத்தரும் சமணரும் வைதிகரும் வாதிட்ட கல்வி நகரமாகவும் ஒருகாலத்தில் விளங்கியது. ஏறத்தாழக் கி.பி. 480 முதல் 540 வரை வாழ்ந்த திக்நாகர், அந்நகரை அடுத்த சிம்மவக்திரம் என்னும் ஊரில் அந்தணர் குடியில் பிறந்தவர் எனத் திபெத்திய வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இளமையிலேயே நாகதத்தர் என்னும் பௌத்த ஆசிரியரிடம் துறவு மேற்கொண்டார். உடல் முதலியவற்றோடு ஒன்று என்றோ வேறு என்றோ சொல்லவொண்ணாத 'ஆள்' ஒன்று உண்டு என்பது அவ்வாசிரியரின் கொள்கை. அதனைக் கண்டறிய விரும்பிய மாணவர், பகலில் சாளரங்களைத் திறந்துவைத்தும் இரவில் நாற்புறமும் விளக்கேற்றியும், ஆடை களைந்து தம் உடல் முழுவதையும் ஆராய்ந்தாராம். எங்குத் தேடியும் காணவில்லை என்று அவர் கூற, தம் கொள்கையை எள்ளுவதாகக் கருதிய ஆசிரியர் அவரை வெளியேற்றிவிட்டார். கதையே எனினும், ஆசிரியர் கூற்றையும் சோதித்தே ஏற்கும் அவரது இயல்பை இது நன்கு காட்டுகிறது.

பின்னர் வசுபந்துவிடம் பயின்றார் என்பர். அவர் இயற்றிய நூல்களுள் தலையாயது 'பிரமாண சமுச்சயம்'. அறிவு பெறும் வழிகள் காட்சி, கருதல் என இரண்டே என அதில் அவர் வரையறுத்தார். சான்றோர் உரையைத் தனி அளவையாக ஏற்காமல், கருதலுள் அடக்கினார். காஞ்சியில் மணிமேகலைக்கு அறவண அடிகள் உரைக்கும் அளவையிலும் இவ்விரண்டே இடம்பெறுதல் நோக்கத்தக்கது.

புகை கண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது கருதல். தறியோசை கேட்டு நெசவு நடப்பதை அறிவதும் அவ்வாறே. இதற்குத் திக்நாகர் மூன்று நிபந்தனைகள் விதித்தார். ஏதுவாகிய புகை, ஆராயும் மலையில் இருத்தல் வேண்டும். நெருப்புள்ள அடுக்களை போன்ற இடத்தில் காணப்படுதல் வேண்டும். நெருப்பில்லாத எவ்விடத்திலும் இல்லாதிருத்தல் வேண்டும். பின்னிரண்டையும் உறழ்ந்து, 'ஏதுச்சக்கரம்' என்னும் சிறுநூலில் 9 வகை ஏதுக்களைக் காட்டினார். அவற்றுள் முடிவுக்கு உதவுவன 2; முடிவுக்கு மாறானவை 2; எஞ்சிய 5 ஐயத்திற்கு உரியவை. ஐயத்திற்கே பேரிடம் அளித்த கணக்கு இது.

மூன்றாம் நிபந்தனையில்தான் இடர் உள்ளது. நெருப்பில்லாத இடங்கள் அனைத்தையும் எவரால் பார்த்து முடிக்க இயலும்? காணாமையால் இல்லாமை உறுதிப்படுமா? அன்னங்கள் யாவும் வெண்ணிறத்தன என்று நெடுங்காலம் நம்பியவர்கள் ஐரோப்பியர். 1697இல் டச்சு மாலுமிகள் ஆஸ்திரேலியாவில் கரிய அன்னங்களைக் கண்டனர். திக்நாகர் வழிவந்த தர்மகீர்த்தி, வெறுங்காணாமை போதாது. காரண காரியத் தொடர்பு போன்ற இயல்பான பிணைப்பு வேண்டும் என்று திருத்தினார். அத்தொடர்பு இனியும் மாறாது என்பதற்கு என்ன சான்று என 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் டேவிட் ஹியூம் வினவினார். அறிவியல் தத்துவத்தில் அவ்வினா இன்றும் தீரவில்லை.

பிரமாண சமுச்சயத்தின் வடமொழி மூலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. திபெத்திய மொழிபெயர்ப்புகளையும் ஜினேந்திரபுத்தியின் உரைச்சுவடியையும் ஒப்புநோக்கி அறிஞர்கள் அதனை மீட்டெழுதி வருகின்றனர். சில இடங்களில் மூலச்சொல் இதுதான் என அவர்களால் உறுதிகூற இயலவில்லை.