ஓலே-யோஹான் டால்

ஓலே-யோஹான் டால் (அக்டோபர் 12, 1931 – ஜூன் 29, 2002) நோர்வே நாட்டைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். இவர் கிறிஸ்டன் நிகார்டுடன் இணைந்து சிமுலா நிரல் மொழியை உருவாக்கினார். பொருள் நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படைகளான பொருள், வகுப்பு, மரபுரிமம் ஆகியவை இம்மொழியிலேயே முதன்முதலில் ஒருங்கே இடம்பெற்றன.

வாழ்க்கை

டால் நோர்வேயின் தென்கரை நகரான மண்டாலில் பிறந்தார். 1952 இல் நோர்வே பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1957 இல் ஓசுலோ பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1963 இல் நோர்வே கணிப்பு மையத்தில் இணைந்த இவர், 1968 இல் ஓசுலோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

சிமுலா 1

யூனிவாக் 1107 கணினிக்காக உருவான சிமுலா 1, 1965 இன் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. வரிசையில் காத்திருக்கும் வண்டிகள் போன்றவற்றின் இயக்கத்தைக் கணினியில் போலச்செய்வது இதன் நோக்கம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் உரிய நேரம் குறிக்கப்படும். மிக முந்திய நேரமுடைய நிகழ்வு முதலில் நிறைவேற்றப்படும். எனினும் இவ்வசதி மொழிக்குள்ளேயே பிணைக்கப்பட்டிருந்தது. மேலும், சுங்கச் சாவடியில் நிற்கும் சுமையுந்து, பேருந்து ஆகியவற்றுக்குப் பொதுவான பண்புகளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது.

வகுப்பும் மரபுரிமமும்

டோனி ஹோரின் பதிவு வகுப்புக் கருத்தால் தூண்டப்பட்ட இருவரும், 1966 இன் இறுதியில் இதற்குத் தீர்வு கண்டனர். ஒரு வகுப்பை மற்றொரு வகுப்பின் பெயருக்கு முன்னொட்டாக எழுதினால், முன்னதன் பண்புகளும் செயல்களும் பின்னதற்கும் உரியவையாகும். இதுவே இன்று மரபுரிமம் எனப்படுகிறது. 1967 மே மாதம் ஓசுலோவை அடுத்த லிசெபுவில் நடந்த மாநாட்டில் இக்கருத்து முன்வைக்கப்பட்டது.

சிமுலா 67 இல் வரிசையில் இணையும் திறன் ஓர் அடிப்படை வகுப்பிலும், நேரப்படி இயங்கும் திறன் அதிலிருந்து பெறப்பட்ட 'செயல்முறை' வகுப்பிலும் ஒருமுறை மட்டுமே எழுதப்பட்டன. சுமையுந்து வகுப்பை எழுதுபவர் செயல்முறை வகுப்பை முன்னொட்டாகச் சேர்த்தால் போதும். நிகழ்வு நேரம் பொருளுக்குள் அன்றி, அதனோடு தொடர்புடைய தனி அறிவிப்பு ஒன்றில் வைக்கப்பட்டது. அறிவிப்பு இல்லாத பொருள் செயலற்றிருப்பதாகக் கொள்ளப்பட்டது. இவ்வாறு, மொழியின் உள்ளமைப்பாக இருந்த நேர மேலாண்மை, சிமுலாவிலேயே எழுதத்தக்க வகுப்பாக மாறியது. போலச்செய்தலுக்கென எழுந்த மொழி பொதுப் பயன்பாட்டு மொழியானது இதனாலேயே ஆகும். பின்னர் வந்த சுமால்டாக், சி++ ஆகிய மொழிகளில் சிமுலாவின் தாக்கம் உண்டு.

விருதுகளும் நினைவும்

டாலும் நிகார்டும் 2001 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதையும், 2002 இல் ஜான் வான் நியூமன் பதக்கத்தையும் பெற்றனர். டால் மறைந்த ஆறு வாரங்களில், ஆகஸ்ட் 10 அன்று நிகார்டும் காலமானார். இருவர் பெயராலும் டால்-நிகார்டு பரிசு வழங்கப்படுகிறது. ஓசுலோ பல்கலைக்கழகத் தகவலியல் துறைக் கட்டடம் ஒன்றுக்கு டாலின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.